ஒற்றை வாக்கியத்தின் விலை: பென் சிஃப்லியும் 1947 வங்கி நாட்டுடைமை முடிவும்

1947 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் அமைச்சரவை கூடிக் கலைந்த பின், பிரதமர் பென் சிஃப்லி ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டார். அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். மாநில அரசுகளின் வங்கிகள் நீங்கலாக நாட்டின் வங்கித்தொழில் முழுவதையும் அரசுடைமையாக்கும் சட்டத்தைத் தயாரிக்கத் தமக்கும் அட்டர்னி ஜெனரல் எவட்டுக்கும் அமைச்சரவை அனுமதி தந்துள்ளது, பங்குதாரர்களுக்கும் வைப்பாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரிய பாதுகாப்பு இருக்கும் என்பதே அதன் சாரம். ஏன் இந்த முடிவு, ஏன் இப்போது, கடைத்தெருவில் கணக்கு வைத்திருக்கும் மனிதருக்கு இதனால் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. ஓராண்டுக்கு முன்பு, 1946 செப்டம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய தொழிற்கட்சி இப்படி ஒரு வாக்குறுதியை மக்கள் முன் வைத்திருக்கவும் இல்லை.

அந்த வாக்கியம் ஆஸ்திரேலிய அரசியலை அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்கு ஆட்டிப்படைத்தது. ஓய்ந்து கிடந்த எதிர்க்கட்சிக்கு உயிர் கொடுத்தது, நாட்டின் உச்ச நீதிபீடமான உயர் நீதிமன்றத்தையும் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டனின் பிரிவி கவுன்சிலையும் மாதக்கணக்கில் ஆட்கொண்டது, கடைசியில் சிஃப்லியின் ஆட்சியையே வீழ்த்திய காரணங்களுள் முதன்மையானதாக நின்றது. சிஃப்லியோ அவசரக்காரர் அல்லர். கணக்கை இருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர், சகாக்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பவர் என்று பெயரெடுத்தவர். அத்தகைய மனிதர் இத்தனை பெரிய முடிவை ஏன் எடுத்தார், எடுத்ததை ஏன் இத்தனை சுருக்கமாகச் சொன்னார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முடிவு அந்தச் சனிக்கிழமை பிறந்தது அல்ல. அவர் மனத்தில் அது பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. தமக்கு அவ்வளவு தெளிவாக இருந்த ஒன்றைப் பிறருக்கு விளக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

பாத்தர்ஸ்ட்

ஜோசப் பெனடிக்ட் சிஃப்லி 1885 செப்டம்பர் 22 அன்று நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு நகரமான பாத்தர்ஸ்டில் பிறந்தார். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம், தந்தை கொல்லர். ஐந்து வயதில் அவரை அருகிலிருந்த லைம்கில்ன்ஸ் என்ற சிற்றூரில் தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். மண்சுவர் குடிசையில், தவிட்டு மூட்டைச் சாக்கைப் பாயாக விரித்துப் படுத்து வளர்ந்த சிறுவனுக்கு, பிற்காலத்தில் நாட்டின் கருவூலம் முழுவதும் தன் கையில் வந்தபோதும் அந்த எளிமை விட்டுப்போகவில்லை.

1893-ல், அவருக்கு ஏழு வயது இருக்கும்போது, ஆஸ்திரேலியக் குடியேற்றங்களை வங்கி நெருக்கடி தாக்கியது. நிலத்தின் மீதும் கட்டடங்களின் மீதும் கண்மூடிக் கடன் கொடுத்திருந்த வணிக வங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கதவை அடைத்தன. அந்த நெருக்கடியில் தாத்தாவின் சேமிப்பும் போயிற்று. வங்கிகள் மீது சிஃப்லிக்கு இருந்த அவநம்பிக்கையின் வேர் இங்கேதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுவார்கள். ஆனால் இதையே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவது எளிய விளக்கம் என்று நினைக்கிறேன். அன்று சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல்லாயிரம்; அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வங்கிகளை அரசுடைமையாக்கக் கிளம்பவில்லை. அந்த அனுபவத்தின் மீது வேறு இரண்டு அனுபவங்கள் வந்து படிய வேண்டியிருந்தது.

1903-ல் மாநில ரயில்வேயின் பாத்தர்ஸ்ட் எஞ்சின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சினைத் துடைக்கும் பையனாகத் தொடங்கி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாகி, 1914-ல் ஓட்டுநரானார். அந்த வயதில் அந்தப் பதவி அரிது. பணி முடிந்த நேரங்களில் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வகுப்புகளிலும் இரவுப் பள்ளியிலும் படித்தார். பொருளியல் நூல்களைத் தாமாகவே கற்றார். அதே 1914-ல் எலிசபெத் மெக்கென்சியை மணந்தார். அவர் பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்தவர். திருமணமும் அந்தச் சபையின் ஆலயத்தில்தான் நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றைய விதிப்படி அது செல்லாத திருமணம். இருவரில் ஒருவர் அடி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அது தாமாகவே இருக்கட்டும் என்ற முடிவோடு அவர் அந்த விலையைக் கொடுத்தார், ஆனால் ஞாயிறு வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. பாத்தர்ஸ்டின் பஸ்பி தெருவில் அவர்கள் குடியேறிய சிறிய வீடே கடைசி வரை அவர் வீடு.

1917

1917 ஆகஸ்டில், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைத் தனித்தனி அட்டையில் மேற்பார்வையாளர் குறிக்கும் முறையை நியூ சவுத் வேல்ஸ் ரயில்வே புகுத்தியது. போர்க்காலத்தில் பணி நிலைமைகளை மாற்றுவதில்லை என்று தொழிலாளர் நம்பியிருந்த நேரம் அது. சிட்னியின் ரேண்ட்விக், எவலீ பணிமனைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் ரயில்வே முழுவதும் பரவி, சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தாவியது. விலகி நின்றவர்களின் இடத்தில் அரசு தன்னார்வலர்களைக் கொண்டுவந்து நிரப்பியது. சில வாரங்களில் போராட்டம் முறிந்தது.

சிஃப்லி பணிநீக்கம் செய்யப்பட்டார். முறையிட்ட பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஓட்டுநராக அல்ல. பணிமூப்பு பறிபோனது, தம்மிடம் வேலை கற்றவர்களின் கீழ் மறுபடியும் கரி அள்ள வேண்டியிருந்தது. ஊதியக் குறைவைவிட அந்த அவமதிப்பு பெரிது. அன்று கொஞ்சம் பெருந்தன்மை காட்டப்பட்டிருந்தால் தாம் நாடாளுமன்றத்துக்கு வந்திருக்கவே மாட்டோம் என்ற பொருளில் பின்னாளில் அவரே அவையில் பேசியிருக்கிறார். இந்தப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, இன்னொரு ஆகஸ்டில், இது திரும்ப வரும்.

சங்கப் பணி அவரை அரசியலுக்கு இழுத்தது. 1925-ல் மக்வாரி தொகுதியில் தோற்று, 1928-ல் அதே தொகுதியில் வென்றார். 1929 அக்டோபரில் ஸ்கல்லின் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி அமைத்த சில நாட்களில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. ஏற்றுமதி விலைகள் வீழ்ந்தன, லண்டனில் கடன் கிடைக்கவில்லை, வேலையின்மை ஏறிக்கொண்டே போனது. நிதியமைச்சர் தியோடர் புதிய நோட்டுகளை வெளியிட்டுப் பொதுப்பணிகளுக்கும் கோதுமை விவசாயிகளுக்கும் பணம் தர முயன்றார், செனட் மறுத்தது. அரசுக்கே சொந்தமான காமன்வெல்த் வங்கியின் தலைவர் ராபர்ட் கிப்சன், செலவைக் குறைத்தால்தான் அரசுக்குக் கடன் என்று நின்றார். மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையைவிட, ஒரு வங்கி நிர்வாகக் குழுவின் சொல் நாட்டில் எடுபட்டது. சிஃப்லியை வங்கி நாட்டுடைமைக்குக் கொண்டுபோன பாதையில் இதுவே தலையாய திருப்பம் என்பேன். 1893 அவருக்குக் கேள்விப்பட்ட வலி. 1931 அமைச்சரவை மேசையில் உட்கார்ந்து கண்ட இயலாமை. அவ்வாண்டு மார்ச்சில் அவர் பாதுகாப்பு அமைச்சராகியிருந்தார்.

மத்திய அரசும் மாநில முதல்வர்களும் ஒப்புக்கொண்டு ஊதியங்களையும் ஓய்வூதியங்களையும் வெட்டிய ‘பிரீமியர்கள் திட்ட’த்துக்கு, மனமின்றியும் வேறு வழியின்றியும், அவர் ஆதரவாக வாக்களித்தார். அதற்காகத் தம் சொந்தத் தொழிற்சங்கத்தாலேயே வெளியேற்றப்பட்டார். நியூ சவுத் வேல்ஸில் மாநில முதல்வர் ஜாக் லாங்கின் அணி கட்சியைப் பிளந்தது. 1931 டிசம்பர் தேர்தலில் சிஃப்லி தொகுதியை இழந்தார். 1935-ல் லாங்கின் கோட்டையான ஆபர்னிலேயே அவரை எதிர்த்து நின்று பெருந்தோல்வி கண்டார். ஒன்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வெளியே கழிந்தன. அபர்குரோம்பி வட்டார மன்றத்தில் உறுப்பினராகச் சாலைகளையும் பாலங்களையும் கவனித்தார். பிரதமரான பிறகும், 1947 வரை, அந்த மன்றத்தை விடவில்லை என்பது அவரைப் பற்றி நான் விரும்பி நினைக்கும் செய்திகளுள் ஒன்று.

அந்த ஒன்பது ஆண்டுகளில்தான் அவருடைய மிக முக்கியமான எழுத்து வெளிவந்தது. 1935-ல் நாணயம், வங்கி அமைப்புகளை ஆராய மத்திய அரசு ஓர் அரச ஆணையத்தை நீதிபதி நேப்பியர் தலைமையில் அமைத்தது. எதிரணி ஆட்சியாக இருந்தும் சிஃப்லியை உறுப்பினராக நியமித்தது. ஆணையம் நாடெங்கும் சென்று வங்கியாளர்களையும் பொருளியலாளர்களையும் விசாரித்தது. பழைய எஞ்சின் ஓட்டுநர், வங்கி மேலாளர்களைக் குறுக்கு விசாரணை செய்து கடன் எப்படி உருவாகிறது, எப்படிச் சுருங்குகிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டார். 1937 அறிக்கையில் பெரும்பான்மை உறுப்பினர்கள் மத்திய வங்கியின் கட்டுப்பாட்டை வலுப்படுத்தப் பரிந்துரைத்தார்கள். காமன்வெல்த் வங்கியோடு அரசு முரண்பட்டால் இறுதிச் சொல் அரசினுடையதே என்றும் ஏற்றார்கள். சிஃப்லி அதோடு நிற்கவில்லை. இலாபத்தை நோக்கமாகக் கொண்ட தனியார் வங்கித்தொழில், நல்ல காலத்தில் கடனை ஊதிப் பெருக்கியும் கெட்ட காலத்தில் இறுக்கியும் ஏற்ற இறக்கத்தைக் கூட்டத்தான் செய்யும், ஆகவே அது பொதுவுடைமையாக வேண்டும் என்று மாறுபட்ட குறிப்பு எழுதினார். 1947-ன் ஒற்றை வாக்கியத்துக்கு வேண்டிய விளக்கம் முழுவதும் இந்தக் குறிப்பில் இருந்தது. ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய ஆணைய அறிக்கையை யார் எடுத்துப் படிப்பார்கள்?

போரும் பொறுப்பும்

1940-ல் மக்வாரியை மீட்ட சிஃப்லி, 1941 அக்டோபரில் ஜான் கர்ட்டின் பிரதமரானபோது நிதியமைச்சரானார். போர்ச்செலவைக் கடனைவிட வரியால் ஈடுகட்டுவதில் உறுதியாக இருந்தார். 1942-ல் மாநிலங்களிடமிருந்த வருமான வரியை மத்திய அரசே வசூலிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. போருக்காக வந்த அந்த ஏற்பாடு இன்று வரை நீடிக்கிறது. கூட்டாட்சியில் பணம் எங்கே இருக்கும் என்பதை அது ஒன்றே மாற்றி எழுதியது. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புத் துறையும் அவரிடமே வந்தது. அதை நடத்த ‘நக்கெட்’ கூம்ஸ் என்ற இளம் பொருளியலாளரைத் தேர்ந்தெடுத்தார். வேலை தேடும் எல்லோருக்கும் வேலை என்பதை அரசின் கடமையாக அறிவித்த 1945 வெள்ளை அறிக்கை அந்தத் துறையிலிருந்து பிறந்தது.

1945 ஜூலை 5 அன்று கர்ட்டின் இறந்தார். ஃபோர்ட் சில நாட்கள் பிரதமராக இருந்த பிறகு, கட்சி சிஃப்லியைத் தேர்ந்தெடுத்தது. பிரதமர் மாளிகையில் அவர் குடியேறவில்லை. நாடாளுமன்றத்துக்கு நடந்து போகும் தொலைவிலிருந்த குர்ராஜோங் ஹோட்டலில் ஓர் எளிய அறையில் தங்கினார். எலிசபெத் பாத்தர்ஸ்டிலேயே இருந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்தவற்றை விரித்தால் கட்டுரை திசைமாறும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம், அரசு விமான நிறுவனங்கள், ஐரோப்பிய அகதிகளின் பெருங்குடியேற்றம், குடியுரிமைச் சட்டம், ஸ்னோயி மலைத்தொடரின் ஆற்றுநீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் மாபெரும் திட்டம் எல்லாம் அவர் காலத்தவை. 1949 ஏப்ரலில் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நேருவும் இலங்கையின் சேனநாயகாவும் அமர்ந்த மேசையில் அவரும் இருந்தார்; குடியரசாகும் இந்தியாவைக் காமன்வெல்த்தில் வைத்துக்கொள்ளும் உடன்பாட்டுக்கு ஆதரவளித்தார். அதே ஆண்டில் அவருடைய அரசே, போர்க்காலத்தில் தஞ்சம் புகுந்த ஆசியர்களை நாட்டைவிட்டு அனுப்பத் தனிச்சட்டம் இயற்றியது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை அவரும் குடியேற்ற அமைச்சர் கால்வெல்லும் கைவிடவில்லை. அவரை மதிக்கும் எவரும் இந்தக் கறையை மறைத்து எழுதக் கூடாது.

நாற்பத்தெட்டாம் பிரிவு

வழக்குக்கு வருவோம். 1945-ல் சிஃப்லி இரண்டு வங்கிச் சட்டங்களைக் கொண்டுவந்தார். தனியார் வங்கிகள் தம் கையிருப்பில் ஒரு பங்கைக் காமன்வெல்த் வங்கியின் சிறப்புக் கணக்குகளில் வைக்க வேண்டும் என்ற போர்க்கால விதியை அவை நிலையாக்கின. காமன்வெல்த் வங்கியின் நிர்வாகக் குழுவைக் கலைத்து, ஆளுநர் பொறுப்பில் வங்கியைக் கொண்டுவந்து, கொள்கையில் அரசின் சொல்லே இறுதி என்று விதித்தன. 1931 இனி திரும்பாது என்பதே அதன் பொருள்.

அவற்றில் ஒன்றின் 48-ம் பிரிவு, நிதியமைச்சரின் ஒப்புதலின்றி மாநில அரசுகளுக்கோ உள்ளாட்சி அமைப்புகளுக்கோ தனியார் வங்கி எதுவும் கணக்கு நடத்தக் கூடாது என்றது. நகராட்சிக் கணக்குகள் அனைத்தும் காமன்வெல்த் வங்கிக்கு வர வேண்டும் என்பதே கருத்து. வங்கித்தொழிலின் மொத்த அளவில் அது பெரிய தொகையன்று. 1947-ல் அதை நடைமுறைப்படுத்த முயன்றபோது மெல்பன் மாநகராட்சி வழக்குத் தொடுத்தது. ஆகஸ்ட் 13 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கூட்டாட்சியில் மாநிலங்கள் தம் வேலையைத் தாமே செய்வதற்கு இப்பிரிவு குறுக்கே நிற்கிறது, ஆகவே செல்லாது. மூன்று நாள் கழித்து அந்தச் சனிக்கிழமை அறிவிப்பு.

கோபத்தில் எடுத்த முடிவு என்றே எதிரிகள் சொன்னார்கள். தேதிகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிஃப்லியின் கவலை 48-ம் பிரிவு பற்றியதன்று. சிறிய பிரிவை வீழ்த்திய வங்கிகள் அடுத்துச் சிறப்புக் கணக்குகள் மீது கைவைக்கும். அதுவும் வீழ்ந்தால் கடனைக் கட்டுப்படுத்தும் ஒரே கருவியும் போய்விடும். போருக்குப் பின் ஒரு பெருமந்தம் வரும் என்று உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அரசு மறுபடியும் 1931-ன் நிலைக்குத் தள்ளப்படும். வங்கித்தொழில் பற்றிச் சட்டமியற்ற அரசியல் சாசனம் மத்திய நாடாளுமன்றத்துக்குத் தெளிவான அதிகாரம் தருகிறது. கட்சியின் கொள்கை அறிக்கையில் வங்கி நாட்டுடைமை நெடுங்காலமாகவே இருக்கிறது. இரு அவைகளிலும் பெரும்பான்மை இருக்கிறது. இத்தனையும் ஒருசேர அமையும் நாள் இனி எப்போது வரும்? அமைச்சரவையில் எதிர்ப்பே எழவில்லை. இந்த வாதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. ஆனால் எதிர்பார்த்த பெருமந்தம் வரவில்லை. வேலை கிடைத்துக்கொண்டிருந்தது, சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது, வங்கியில் போட்ட பணம் பத்திரமாகத்தான் இருந்தது. மக்கள் கண்ணில் படாத ஓர் ஆபத்துக்கு அவர் மருந்து கொடுத்தார்.

எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர்கள் வங்கி முதலாளிகள் அல்லர்; வங்கி ஊழியர்கள். கிளைகளில் வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய எழுத்தர்கள், அரசு ஊழியராகிவிடுவோம் என்ற அச்சத்தோடு, தொகுதிதோறும் குழு அமைத்து வீடு வீடாகப் போனார்கள். வங்கி நிர்வாகங்கள் அவர்களுக்கு வேண்டிய நேரத்தையும் பணத்தையும் தந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊழியர்களின் அச்சம் விலைக்கு வாங்கியதன்று. உங்கள் வேலை, ஊதியம், பதவி உயர்வு என்ன ஆகும் என்று அவர்களை உட்காரவைத்துப் பேச அரசுக்குத் தோன்றியிருந்தால் கதை வேறாகியிருக்கும். 1917-ல் மேலிருந்து வந்த உத்தரவைக் கண்டு கொதித்த தொழிலாளியே இம்முறை உத்தரவின் மறுபுறத்தில் இருந்தார். 1946 தோல்விக்குப் பின் தலைமையே கேள்விக்குள்ளாகியிருந்த எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் மென்சிஸ், இந்தப் பிரச்சினையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். விக்டோரியா மாநிலத்தின் மேலவை நிதி ஒதுக்கீட்டை முடக்கி அங்கிருந்த தொழிற்கட்சி அரசை நவம்பரில் தேர்தலுக்குத் தள்ளியது. வங்கிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த மாநில அரசு வங்கிப் பிரச்சினையாலேயே தோற்றது. அதுவே போதுமான எச்சரிக்கை. அதே மாத இறுதியில் மசோதா சட்டமானது.

நீதிமன்றம்

1948 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கி முப்பத்தொன்பது நாட்கள் நடந்தது. வங்கிகளின் பக்கம் கார்ஃபீல்ட் பார்விக், அரசின் பக்கம் எவட். எவட் பேரறிஞர், முன்பு அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். ஆனால் தம்மோடு முன்பு அமர்ந்திருந்தவர்களிடம் நாட்கணக்கில் வாதிடுவது அவருக்கோ அவர்களுக்கோ இனிமையாக இருக்கவில்லை. ஆகஸ்ட் 11 அன்று சட்டத்தின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அதன் அச்சாணி அரசியல் சாசனத்தின் 92-ம் பிரிவு: மாநிலங்களுக்கிடையிலான வணிகம், வர்த்தகம், போக்குவரத்து முற்றிலும் தடையற்றவை. மாநில எல்லையில் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டு 1901-ல் நடைமுறைக்கு வந்த அந்த வாக்கியம், தனியார் தொழிலின் உரிமைப்பத்திரமாக வளர்ந்துவிட்டிருந்தது. இந்தியச் சாசனத்தின் 301-ம் பிரிவு இந்தச் சொற்களை ஒட்டியே எழுதப்பட்டது. ஆனால் நம் சாசனத்தை வகுத்தவர்கள் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அடுத்தடுத்த பிரிவுகளிலேயே இடம் வைத்துவிட்டார்கள்.

சிஃப்லி அங்கே நிறுத்தியிருக்கலாம். அரசு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1949 மார்ச்சில் தொடங்கிய விசாரணையும் ஏறத்தாழ அதே அளவு நாட்கள் நீண்டது. நடுவிலேயே இரண்டு நீதிபதிகள் இறந்துபோனார்கள். ஜூலை 26 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானது. மத்திய, மாநில அதிகார எல்லை பற்றிய கேள்விகளைப் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுபோக உயர் நீதிமன்றத்தின் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க எவட் 92-ம் பிரிவை மட்டும் பிரித்து வாதிட்டார், அப்படிப் பிரிக்க முடியாது என்றனர் நீதிபதிகள். கூடவே 92-ம் பிரிவிலும் வங்கிகளின் பக்கமே நியாயம் என்ற கருத்தையும் சொல்லிவைத்தனர். அந்தப் பிரிவுக்கு அந்தப் பொருள் நாற்பது ஆண்டு நின்றது. 1988-ல்தான் உயர் நீதிமன்றம் அதைக் கைவிட்டு, உள்ளூர்த் தொழிலைக் காக்க விதிக்கும் பாகுபாடான சுமைகளைத் தடுப்பதே அதன் நோக்கம் என்ற பழைய இடத்துக்குத் திரும்பியது. எவட்டும் சிஃப்லியும் தோற்ற வாதத்துக்கு அது பெரிதும் நெருக்கமானது.

இந்த இரண்டாண்டு வழக்கின் உண்மையான விலை நீதிமன்றச் செலவன்று. 1948 மே மாதம் வாடகை, விலைக் கட்டுப்பாட்டு அதிகாரம் கேட்டு அரசு நடத்திய பொதுவாக்கெடுப்பு தோற்றது. கான்பெரா எல்லாவற்றையும் கையிலெடுக்கப் பார்க்கிறது என்ற ஐயம் அதற்குள் வேரூன்றியிருந்தது. பிரிட்டனுக்கு டாலரை மிச்சப்படுத்திக் கொடுக்க வைத்திருந்த பெட்ரோல் பங்கீடுகூட அந்த ஐயத்தின் வழியாகவே பார்க்கப்பட்டது.

1949 ஆகஸ்ட்

1949 ஜூன் 12 அன்று சிட்னியில் கட்சி மாநாட்டில் சிஃப்லி பேசிய பேச்சைத்தான் தொழிற்கட்சியினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். யாரோ ஒருவர் பையில் கூடுதலாக ஆறு பென்னி போடுவதற்கோ யாரோ ஒருவரைப் பிரதமராக்குவதற்கோ அல்ல இந்த இயக்கம், மலைமேல் தெரியும் ஒளியைப் போன்ற ஓர் இலக்குக்காக என்ற கருத்தை அவர் சொன்னது அங்கேதான். பதினைந்து நாள் கழித்து, ஜூன் 27 அன்று, ஏறத்தாழ 23,000 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம், முப்பது ஷில்லிங் ஊதிய உயர்வு, நீண்டகாலப் பணிக்கான விடுப்பு ஆகியவை கோரிக்கைகள். சங்கத் தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சியினருக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. குளிர்காலத்தில் மின்சாரமும் எரிவாயுவும் வெட்டப்பட்டன, தொழிற்சாலைகள் மூடின, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தை மதிக்காமல் அரசைப் பணியவைக்கும் முயற்சி இது என்று சிஃப்லி கருதினார். வேலைநிறுத்தத்துக்குச் சங்க நிதியைப் பயன்படுத்தத் தடைவிதிக்கும் சட்டம் இரண்டே நாளில் நிறைவேறியது. சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்ட் முதல் நாள் திறந்தவெளிச் சுரங்கங்களில் இராணுவ வீரர்கள் இறங்கிக் கரி வெட்டினார்கள். அமைதிக்காலத்தில் வேலைநிறுத்தத்தை முறிக்க ஆஸ்திரேலியாவில் இராணுவம் பயன்படுத்தப்பட்டது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 15 அன்று தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

1917-ல் இடம் நிரப்ப வந்தவர்களால் தோற்கடிக்கப்பட்ட மனிதர் இதைச் செய்தார். துரோகம் என்று சிலர் சொல்வார்கள்; நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். முறையாக அமைந்த நடுவர் மன்றமும் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் இருக்கும்போது அவற்றை மிரட்டிப் பணியவைப்பது வங்கித் தலைவர் செய்தாலும் சங்கத் தலைவர் செய்தாலும் ஒன்றே என்பது அவர் கணக்கு. கிப்சனுக்கு எதிராக அவர் கட்டிய நியாயமே சுரங்கத் தொழிலாளிக்கு எதிராகவும் வந்து நின்றது. நியாயம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒருவர் அரசின் மீது நாட்டின் பணத்தையே இறுக்கியவர், இன்னொருவர் தூசி நிறைந்த குழியில் உடம்பைக் கரைத்தவர். அந்த வேறுபாட்டை எடை போடும் இடத்தில் சிஃப்லி கடுமையாகத்தான் இருந்தார், அந்தக் கடுமைக்கு நன்றி சொல்ல எதிரணியில் யாரும் இல்லை, சொந்த அணியிலோ காயம் மட்டுமே மிஞ்சியது.

1949 டிசம்பர் 10 தேர்தலில் மென்சிஸ் கூட்டணி பிரதிநிதிகள் சபையில் 74 இடங்களையும் தொழிற்கட்சி 47 இடங்களையும் பெற்றன. வங்கி ஊழியர்களின் தொகுதிக் குழுக்கள் கடைசி நாள் வரை உழைத்தன. அரசு கடைசி மாதங்களில் மீண்டும் கொண்டுவந்த பெட்ரோல் பங்கீட்டை ஒழிப்பதாகவும், கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்வதாகவும் மென்சிஸ் வாக்களித்திருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவரான பிறகும் வங்கி அவரை விடவில்லை. காமன்வெல்த் வங்கிக்கு மறுபடியும் நிர்வாகக் குழு அமைக்கும் மென்சிஸின் மசோதாவைத் தொழிற்கட்சிப் பெரும்பான்மை கொண்ட செனட் தாமதப்படுத்தியது. அதையே காரணமாகக் காட்டி 1951 மார்ச்சில் இரு அவைகளும் கலைக்கப்பட்டன. ஏப்ரல் 28 தேர்தலில் மென்சிஸ் இரண்டையும் வென்றார். 1931-ல் தம்மை மடக்கிய அமைப்பைத் தடுக்க சிஃப்லி நின்ற கடைசிக் களமும் அதுவே. ஆயினும் 1945 சட்டங்களின் உயிர்நாடி பிழைத்தது: தனியார் வங்கிகளின் கையிருப்பை மத்திய வங்கி கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை மென்சிஸ் அரசு கைவிடவில்லை, கொள்கையில் முரண்பாடு வந்தால் அரசின் சொல்லே இறுதி என்பதையும் வேறு வடிவில் வைத்துக்கொண்டது. 1960-ல் ரிசர்வ் வங்கி தனியே பிரிந்தபோது அதன் முதல் ஆளுநரானவர் கூம்ஸ். வணிகத்துக்கு எஞ்சிய காமன்வெல்த் வங்கி 1991 முதல் 1996 வரை மூன்று கட்டங்களில் விற்கப்பட்டது. முதல் இரண்டு கட்டங்களை விற்றது தொழிற்கட்சி அரசே.

1950 நவம்பரில் சிஃப்லிக்கு மாரடைப்பு வந்தது. ஓய்வெடுக்கும்படி சொன்னவர்களுக்குச் செவிசாய்க்காமல் திரும்பி வந்து தேர்தலில் சுற்றினார். 1951 ஜூன் 13 இரவு, கூட்டாட்சி அமைந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாட நாடாளுமன்றக் கட்டடத்தில் நடன விருந்து நடந்தது. அத்தகைய விழாக்களில் அவருக்கு விருப்பம் இல்லை. குர்ராஜோங் ஹோட்டல் அறையிலேயே தங்கிவிட்டார். அங்கே இரண்டாம் முறை நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், உயிர் நிற்கவில்லை. செய்தி விருந்து மண்டபத்தை எட்டியதும் மென்சிஸ் இசையை நிறுத்தச் சொன்னார், குரல் தடுமாற அறிவித்தார், விருந்தினர்கள் கலைந்து சென்றார்கள். நான்கு நாள் கழித்து பாத்தர்ஸ்டின் கத்தோலிக்கப் பேராலயத்தில், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவர் திருமணத்தை ஏற்க மறுத்த அதே திருச்சபையின் சடங்குகளோடு, அவருடைய இறுதி வழிபாடு நடந்தது.